உளவியல் பாடத்திட்டக் குழுவுக்கு: அந்த எட்டுக் கட்டப் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

இளநிலை உளவியல் இரண்டாமாண்டு ஆய்வுமுறையியல் தாளில் 15 மதிப்பெண்ணுக்கு ஓர் அசைன்மென்ட் இருந்தது. காதல் பொறாமை பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை மாணவர் எடுத்து, அது ஸ்காலர்லியா (துறை அறிஞர்களுக்காக எழுதிய கல்விசார் கட்டுரையா), எம்பிரிக்கலா (தரவு திரட்டிச் செய்த ஆய்வா) என்று மூன்று பக்கம் எழுதி, வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பதில் சொல்ல வேண்டும். உங்கள் சுற்றறிக்கை அதை எடுத்துவிட்டது. இனி எட்டுக் கட்டங்களில் டிக் அடித்து, டேட்டாபேஸின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை இணைத்தால் போதும். ஆறு கட்டங்களில் ‘ஆம்’ விழுந்தால் அந்தக் கட்டுரை ‘ஸ்காலர்லி மற்றும் எம்பிரிக்கல்’ என்று ஏற்கப்படும். எங்களால் இதை ஏற்க முடியவில்லை. இந்தத் தாளை நடத்துகிறவர்களும், மாணவர்களுக்குக் கட்டுரை தேடித் தருகிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

எட்டுக் கட்டங்கள் இவை: இதழுக்கு ஐஎஸ்எஸ்என் என்ற அடையாள எண் உண்டா, கட்டுரைக்கு டிஓஐ என்ற நிலையான இணைய முகவரி உண்டா, இதழ் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இதழ்ப் பட்டியலான யுஜிசி-கேரில் உண்டா, டேட்டாபேஸில் ‘பியர் ரிவ்யூட்’ (துறை வல்லுநர்கள் சரிபார்த்தது) வடிகட்டியைப் போட்டால் வருகிறதா, கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வந்ததா, எட்டுப் பக்கத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, 20 மேற்கோள் நூல்களாவது உண்டா, ‘மெத்தடாலஜி’ என்ற தலைப்பு உண்டா.

இதில் ஒரு கட்டத்துக்காவது கட்டுரையைப் படிக்க வேண்டிய தேவை இல்லை. உறையைப் பார்த்துவிட்டுக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிற வேலை இது. ஆனால் எங்கள் புகார் படிக்காமல் போவது பற்றியது மட்டுமல்ல. இந்தப் படிவம் தப்பான விடையைத் தருகிறது என்பதுதான் முதல் புகார். காதல் பொறாமை ஆய்வில் யாரும் தவிர்க்க முடியாத சில கட்டுரைகளை இதில் போட்டுப் பார்த்தோம்.

முதலில் டேவிட் பஸ், ராண்டி லார்சன், டரூ வெஸ்டன், ஜெனிஃபர் செம்மல்ரோத் ஆகிய நால்வரும் 1992-இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை. துணைவர் வேறொருவரிடம் மனதைக் கொடுப்பது அதிகம் வலிக்குமா, உடலுறவு கொள்வது அதிகம் வலிக்குமா என்று கேட்டு, ஆணும் பெண்ணும் வேறு வேறு விடை தருகிறார்கள் என்று காட்டியது. இந்தத் துறையில் அதற்குப் பிறகு நடந்த சண்டை பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். படிவத்தில் இதன் கதி என்ன? பத்தாண்டுக்குள் வந்ததா, இல்லை. எட்டுப் பக்கம் உண்டா, இல்லை. 251 முதல் 255 வரை, ஐந்தே பக்கம். ‘மெத்தடாலஜி’ என்ற தலைப்பு உண்டா, இல்லை. ஆய்வு 1, ஆய்வு 2, ஆய்வு 3 என்று பிரித்து ஒவ்வொன்றுக்குள்ளும் யாரைக் கொண்டு எப்படிச் செய்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று ‘இல்லை’ விழுந்துவிட்டது. மீதி ஐந்தும் ‘ஆம்’ என்றே வைத்துக்கொண்டாலும் ஆறு வராது. தரவு திரட்டி எழுதிய ஆய்வு தோற்றுவிட்டது.

இப்போது கிறிஸ்டின் ஹாரிஸ் 2003-இல் ‘பெர்சனாலிட்டி அண்ட் சோஷியல் சைக்காலஜி ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை. பஸ் தரப்பின் வாதத்தைக் கேள்வி கேட்டு, அதுவரை வந்த கருத்துக்கணிப்புகள், உடலியல் அளவீடுகள், வன்முறைத் தகவல்கள் எல்லாவற்றையும் எடைபோட்ட ரிவ்யூ கட்டுரை. பக்கம் 102 முதல் 128 வரை. பத்தாண்டுக் கட்டத்திலும் தலைப்புக் கட்டத்திலும் ‘இல்லை’. மற்ற ஆறிலும் ‘ஆம்’. ஆகவே உங்கள் படிவப்படி இது எம்பிரிக்கல் கட்டுரை. உண்மையில் அவர் இதற்காகப் புதிதாக யாரையும் அழைத்துக் கேள்வி கேட்கவில்லை. பொறாமையால் நடந்த கொலைகள் பற்றிய முந்தைய தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட மெட்டா அனாலிசிஸ் ஒன்று உள்ளே இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் என்னவென்று சொல்வது, கட்டுரை முழுவதையும் என்னவென்று சொல்வது என்பது நல்ல கேள்வி. முன்பு வைவாவில் இந்தக் கேள்வியில் மாணவர் திணறுவார், யோசிப்பார், இரண்டில் ஒரு பக்கம் நின்று வாதாடுவார். டிக் அடிக்கிறவருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

மூன்றாவது, ஏமி மியூஸும் இருவரும் 2009-இல் ‘சைபர் சைக்காலஜி அண்ட் பிஹேவியர்’ இதழில் எழுதியது. ஃபேஸ்புக் பொறாமையைத் தூண்டுகிறதா என்று 308 இளநிலை மாணவர்களிடம் 27 கேள்விகள் கொண்ட அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். நான்கு பக்கம். தலைப்பு வார இதழ்த் தலைப்பு மாதிரி கேள்விக்குறியோடு முடியும். அதைப் பார்த்தே ‘இது ஸ்காலர்லி இல்லை’ என்று ஒதுக்கும் மாணவர்கள் உண்டு. உள்ளே படிநிலை ரிக்ரஷன் (பல காரணிகளின் பங்கைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் புள்ளியியல் கணக்கு) இருக்கிறது. பத்தாண்டு, எட்டுப் பக்கம் ஆகிய இரண்டு கட்டத்திலும் இதற்கு ‘இல்லை’. இன்னும் ஒரு ‘இல்லை’ விழுந்தால் இதுவும் உங்கள் படிவத்தில் தோற்கும்.

நான்காவதாக, இப்போது மாணவர்களின் இன்பாக்ஸுக்கே அழைப்பு அனுப்பும் கட்டண இதழ்களில் வரும் ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்எஸ்என் உண்டு. டிஓஐ உண்டு. பழைய கேர் பட்டியலில் இல்லை. டேட்டாபேஸில் இல்லை. போன வருடம் வந்தது. பத்துப் பக்கம். முப்பது மேற்கோள்கள். ‘மெத்தடாலஜி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. எண்ணிப் பாருங்கள்: ஆறு ‘ஆம்’. தேறிவிட்டது.

ஆய்வு தோற்கிறது, ரிவ்யூ ஆய்வாகிறது, போலி தேறுகிறது. இப்படி ஒரு படிவத்தைத் திருத்திப் பயனில்லை. ஒரு கட்டத்தைக் கூட்டி ஒன்றைக் குறைத்தால் இதே கோளாறு வேறு இடத்தில் வரும். ஸ்காலர்லியா என்பதும் எம்பிரிக்கலா என்பதும் தனித்தனிக் கேள்விகள். ஒரே கூட்டுத்தொகையில் இரண்டையும் அடைத்ததுதான் கோளாறின் வேர். தரவே இல்லாத கோட்பாட்டுக் கட்டுரை ஸ்காலர்லியாக இருக்கலாம். ‘துணையின் போனை எடுத்துப் பார்ப்பீர்களா’ என்று வார இதழ் நடத்தும் வாசகர் கணக்கெடுப்பில் சதவிகிதம் எல்லாம் இருக்கும். யாரிடம், எத்தனை பேரிடம், எப்படிக் கேட்டார்கள் என்பது இருக்காது. ஒரே ஆசிரியரே இரண்டு விதமாகவும் எழுதுவார். மேலே சொன்ன ஹாரிஸ் 2004-இல் ‘அமெரிக்கன் சயின்டிஸ்ட்’ இதழில் இதே பொருளைப் பொதுவாசகருக்காக எழுதினார். துறை வல்லுநர் எழுதியது, நம்பகமானது, படிக்கச் சுவையானது. ஆனால் ஆய்வு அறிக்கை அல்ல. அவர் 2000-இல் உடலியல் அளவீடுகளை வைத்து எழுதியது ஆய்வு அறிக்கை. பெயரை வைத்துத் தரம் பிரிக்க முடியாது என்பதற்கு மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல இணை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஎஸ்எஸ்என் என்பது தொடர் வெளியீட்டுக்கு இடும் அடையாள எண். சமையல் மாத இதழுக்கும் உண்டு, சோதிட இதழுக்கும் உண்டு. டிஓஐ, உறுப்பினர் கட்டணம் கட்டிய எந்தப் பதிப்பாளரும் இடக்கூடிய நிலையான முகவரி. இரண்டுமே தரத்துக்கு வாக்குக் கொடுப்பதில்லை. யுஜிசி-கேர் கட்டம் எங்களுக்குப் புரியவே இல்லை. அந்தப் பட்டியலை நிறுத்துவதாக யுஜிசி 2025 பிப்ரவரியில் பொது அறிவிப்பே வெளியிட்டுவிட்டது. இதழ்களை எடைபோடும் ஏற்பாட்டை ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தானே செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியதும் நினைவிருக்கும். பட்டியலை நம்பி இருப்பதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? இல்லாத பட்டியலுக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, அதில் மாணவர் ‘ஆம்’ என்று போட எங்கே போய்ப் பார்ப்பார்?

‘பியர் ரிவ்யூட்’ வடிகட்டிக்கு வருவோம், ஏனென்றால் சுற்றறிக்கையின் முழு பாரமும் அதன் மேல்தான் நிற்கிறது. அந்த வடிகட்டி இதழைத்தான் பார்க்கிறது, கட்டுரையைப் பார்ப்பதில்லை. பியர் ரிவ்யூ நடக்கும் இதழில் வரும் தலையங்கம், நூல் மதிப்புரை, ஆசிரியருக்குக் கடிதம், அஞ்சலிக் குறிப்பு எல்லாம் அதே வடிகட்டியில் நழுவி வந்துவிடும். பொறாமை பற்றிய ஒரு நூலுக்கு எழுதிய இரண்டு பக்க மதிப்புரையை ‘ஆய்வுக் கட்டுரை’ என்று மாணவர் கொண்டுவருவது இந்த வழியில்தான். உளவியல் கட்டுரைகளுக்கான சைக்இன்ஃபோ போன்ற தளத்தில் ‘மெத்தடாலஜி’ என்று தனிப் புலமே உண்டு. எம்பிரிக்கல் ஸ்டடி, லிட்டரேச்சர் ரிவ்யூ, மெட்டா அனாலிசிஸ் என்று கட்டுரைவாரியாகக் குறித்திருப்பார்கள். ஸ்கிரீன்ஷாட் கேட்பதானால் அதையாவது கேட்டிருக்கலாம்.

வடிகட்டி சரியாகவே வேலை செய்தாலும் பியர் ரிவ்யூ என்பது முடிவு சரி என்ற சான்றிதழ் அல்ல. அறிவியல் பத்திரிகையாளர் ஜான் போஹானன் வேண்டுமென்றே ஓட்டைகளோடு எழுதிய போலிக் கட்டுரையை 304 திறந்த அணுகல் (யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய) இதழ்களுக்கு அனுப்பி, முடிவை 2013-இல் வெளியிட்டார். 157 இதழ்கள் ஏற்றன. அது இதழ்களின் கடைக்கோடி என்று தள்ளிவிடலாம். உளவியலின் முன்னணி இதழ்கள் மூன்றில் 2008-இல் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்த கூட்டு முயற்சியின் முடிவு 2015-இல் வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவிகிதம் புள்ளியியல் முக்கியத்துவம் (தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத முடிவு) காட்டியவை. மறுசெய்கையில் அப்படிக் காட்டியவை 36 சதவிகிதம்தான். அந்த மூன்றில் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ ஒன்று. ஆய்வுமுறையியல் தாள் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இதைத்தானே?

அப்படியானால் கட்டுரைக்குள் எதைப் பார்ப்பது? பழைய அசைன்மென்டில் மாணவர் செய்ததைச் சொல்கிறோம், அதில் எதை இழக்கிறோம் என்று தெரிய.

பல இதழ்களில் முதல் பக்கத்தின் மேல் பகுதியில் கட்டுரை வகை அச்சாகியிருக்கும்: ரிசர்ச் ரிப்போர்ட், ரிவ்யூ, கமென்டரி. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும், நம்பிவிடக் கூடாது. அடுத்து முன்னுரையின் கடைசிப் பத்தி. கருதுகோள் அங்கேதான் இருக்கும். அது இல்லாவிட்டால் ஆய்வு தேடிப்பார்க்கும் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம், அல்லது முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வி எழுதப்பட்டிருக்கலாம். பிறகு முறைப் பகுதி. அங்கே ஆறு விவரங்கள் தேட வேண்டும்: யார், எத்தனை பேர், எப்படித் திரட்டினார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள், என்ன வரிசையில் செய்தார்கள், நெறிமுறை ஒப்புதல் உண்டா. 1992 கட்டுரையின் முதல் ஆய்வில் 202 பேர். இரண்டாவதில் 55 பேர், 32 ஆண்கள், 23 பெண்கள். மூன்றாவதில் 309 பேர். எல்லோரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். கடைசியாகச் சொன்ன இந்த விவரத்தை எழுதாமல் ‘ஆண்கள் இப்படி, பெண்கள் இப்படி’ என்று எழுதும் மாணவருக்கு நாங்கள் மதிப்பெண் குறைத்து வந்தோம். 1996-இல் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இதே கேள்வியைக் கேட்டபோது ஆண் பெண் இடைவெளி அமெரிக்காவைவிடக் குறுகிவிட்டது.

சதவிகிதத்தையும் வாசிக்கத் தெரிய வேண்டும். முதல் ஆய்வில் உடல் துரோகம்தான் அதிக வேதனை என்ற ஆண்கள் 60 சதவிகிதம், பெண்கள் 17 சதவிகிதம். இதைப் படித்துவிட்டு ‘ஆண்களுக்கு உடல் துரோகம்தான் வலிக்கும்’ என்று எழுதுவது வழக்கமான பிழை. மீதி 40 சதவிகித ஆண்கள் மறுபக்கம் நிற்கிறார்கள். மூன்றாவது ஆய்வு இன்னும் சுவாரசியமானது: உடல் துரோகத்தைச் சொன்னவர்கள், நிலையான பாலுறவு உறவில் இருந்து பார்த்த ஆண்களில் 55 சதவிகிதம், இல்லாத ஆண்களில் 29 சதவிகிதம். கற்பனை செய்யச் சொல்லிக் கேட்கும் கேள்விக்கு அனுபவம் விடையை மாற்றுகிறது என்றால், அந்த விடை எதை அளக்கிறது? இரண்டாமாண்டு மாணவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் தாளின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்போம்.

முடிவுப் பகுதியில் ஒரு எளிய கணக்கு உண்டு, கால்குலேட்டர்கூட வேண்டாம். 32 பேரையும் 23 பேரையும் சாதாரண டி-டெஸ்டில் (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) ஒப்பிட்டால் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்ற எண், மொத்த ஆட்களில் இரண்டு குறைந்து, 53 வர வேண்டும். அதே 32 ஆண்களை இரு சூழல்களில் ஒப்பிட்டால் ஒன்று குறைந்து 31. அச்சில் இருக்கும் எண் அதைவிடக் குறைந்தால் சிலர் விடுபட்டிருக்கிறார்கள் என்று பொருள். யார், ஏன் என்று கட்டுரை சொல்ல வேண்டும். எண் கூடியிருந்தால் கணக்கே தப்பு, அல்லது வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. போலி இதழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன: முறைப் பகுதியில் ஓர் எண்ணிக்கை, அட்டவணையில் வேறு எண்ணிக்கை.

அளவுகோலிலும் அப்படித்தான். காதல் பொறாமைக்கு அதிகம் பயன்படும் ஃபைஃபர்–வாங் அளவுகோல் 1989-இல் வந்தது. எண்ணம், உணர்ச்சி, நடத்தை என்று மூன்று பிரிவு, பிரிவுக்கு எட்டாக 24 கூற்றுகள். எண்ணமும் நடத்தையும் எவ்வளவு அடிக்கடி என்று கேட்கின்றன. உணர்ச்சிப் பிரிவு எவ்வளவு மகிழ்ச்சி, எவ்வளவு வருத்தம் என்று கேட்கிறது. விடைகளின் அலகே வேறு. மூன்றையும் கூட்டி ‘மொத்தப் பொறாமை மதிப்பெண்’ என்று ஒன்றை உண்டாக்கி எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டிய கட்டுரைகள் மாணவர் கையில் வந்துகொண்டேயிருக்கின்றன. எட்டுக் கட்டத்தில் எதிலும் இது சிக்காது. முறைப் பகுதியை வாசித்தவருக்கு ஒரு நிமிடத்தில் சிக்கும்.

எண்ணே இல்லாத கட்டுரையும் எம்பிரிக்கலாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டு பேரிடம் ஆழ்ந்த நேர்காணல் எடுத்து, குறியிட்டு, கருப்பொருள் பிரித்து எழுதியதும் தரவு ஆய்வே. மாறாக, எண் பெரிதாக இருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. ஃப்ரெடெரிக்கும் ஃபேல்ஸும் எழுதிய கட்டுரையில் 63,894 பேர். செய்தித் தளத்தில் தாமாக வந்து விடையளித்தவர்கள் அவர்கள். அங்கே எதிர்பால் ஈர்ப்புள்ள ஆண்களில் 54, பெண்களில் 35 சதவிகிதம் உடல் துரோகத்தைச் சொன்னார்கள். இடைவெளி 1992-இல் இருந்ததைவிடக் குறைவு. வயதா, மாதிரியா, காலமா, காரணம் எது? மாணவர் எழுதட்டுமே.

கேள்வி கேட்ட விதமே முடிவைச் செய்துவிடும் என்பதைக் காட்டவும் இந்தத் தலைப்புக்கு நிகர் வேறில்லை. டேவிட் டெஸ்டினோவும் மூவரும் 2002-இல் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கட்டாயப்படுத்தாமல், ஒவ்வொரு துரோகத்துக்கும் எவ்வளவு வேதனை என்று தனித்தனியாக மதிப்பிடச் சொன்னபோது, ஆணும் பெண்ணும் இருசாராருமே உடல் துரோகத்தைத்தான் கூடுதலாகச் சொன்னார்கள். எண்களை மனதில் வைத்துக்கொண்டே பதில் சொல்லச் சொன்னபோது, கட்டாயத் தேர்விலும் பெண்களின் விடை மாறியது. ஹாரிஸின் 2000 ஆய்வோ, துரோகமே இல்லாத பாலுறவுக் கற்பனைக்கும் ஆண்களின் உடல் அதே மாதிரி துள்ளியது என்று காட்டி, உடலியல் அளவீடுகளை நம்பிய 1992-இன் இரண்டாவது ஆய்வின் அடித்தளத்தையே ஆட்டியது. ஒரு தரப்புக் கட்டுரையும் எதிர்த்தரப்புக் கட்டுரையும் ஸ்காலர்லி, இரண்டும் எம்பிரிக்கல், இரண்டும் நல்ல இதழ். முடிவு மட்டும் நேரெதிர். ‘ஆம்’ என்று டிக் அடித்தவர் இங்கே என்ன செய்வார்?

இதழைச் சோதிப்பதும் கற்றுத்தர வேண்டிய கைவேலைதான். ஆசிரியர் குழுவில் இரண்டு பெயரை எடுத்து, அவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது. பெறப்பட்ட நாள், ஏற்கப்பட்ட நாள் இரண்டுக்கும் இடைவெளி ஒரு வாரத்துக்குள் என்றால் சந்தேகப்படுவது. ஒரே இதழில் கட்டுமானப் பொறியியலும் சித்த மருத்துவமும் பொறாமையும் அடுத்தடுத்து வந்தால் மூடிவிடுவது. மேற்கோள் பட்டியலில் கண்ணை மூடி மூன்றைத் தொட்டு, டிஓஐ போட்டுத் திறந்து பார்ப்பது. ஏஐ எழுதித் தரும் பட்டியல்களில் கட்டுரைப் பெயர் நம்பும்படி இருக்கும், எண்ணைப் போட்டால் வேறொரு கட்டுரை திறக்கும். கடைசியாக, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடுவது. எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

பணிச்சுமையும், பிரிவுக்குப் பிரிவு மதிப்பெண் வேறுபடுவதும்தான் மாற்றத்துக்குக் காரணம் என்று சுற்றறிக்கை சொல்கிறது. இரண்டும் உண்மை, மறுக்கவில்லை. ஒரு வகுப்பில் அறுபது பேர் அறுபது கட்டுரை கொண்டுவந்தால் ஆசிரியர் அறுபதையும் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தீர்வு மாணவர் படிப்பதை நிறுத்துவதில் இல்லை, ஆசிரியர் படிக்க வேண்டிய கட்டுரைகளைக் குறைப்பதில் இருக்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள். எட்டுக் கட்டப் படிவத்தை இந்தப் பருவத்திலிருந்தே திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே அதில் எழுதிக் கொடுத்த மாணவர்களுக்கு மதிப்பெண் குறையாதபடி மறுவாய்ப்புக் கொடுங்கள்.

நூலகத்தில் பன்னிரண்டு கட்டுரைகள் கொண்ட தொகுதி ஒன்றை வைக்க அனுமதியுங்கள். ஆய்வு அறிக்கை, ரிவ்யூ, மெட்டா அனாலிசிஸ், நேர்காணல் ஆய்வு, பொதுவாசகர் கட்டுரை, சந்தேகத்துக்குரிய இதழில் வந்தது என எல்லா வகையும் அதில் கலந்திருக்கும், வகை குறிக்கப்பட்டிருக்காது. மாணவருக்குக் குலுக்கலில் ஒன்று. ஆசிரியர் பன்னிரண்டைப் படித்தால் போதும், அதுவும் ஒரு முறை. முழு உரையும் கிடைக்க வேண்டும். சுருக்கத்தை மட்டும் படித்து மதிப்பிடுவதை ஏற்கக் கூடாது.

மூன்று பக்கம் அதிகம் என்றால் ஒரு பக்கம் ஆக்குங்கள். ஆனால் ஒவ்வொரு விடைக்கும் பக்க எண் காட்ட வேண்டும். கட்டுரை வகையும் அதற்கான காரணமும் 3 மதிப்பெண், முறைப் பகுதி விவரங்கள் 4, முடிவுப் பகுதி எண் சரிபார்ப்பு 3, இதழ்ச் சோதனை 3, ஆசிரியர்களே ஒப்புக்கொள்ளாத ஒரு குறை 2. மொத்தம் அதே 15. எண் இல்லாத கட்டுரை கிடைத்தவருக்கு மூன்றாவது பகுதியில், தரவு எப்படிப் பகுக்கப்பட்டது, அல்லது ஏன் தரவே இல்லை என்று கேட்கலாம். வைவா ஐந்து நிமிடம் போதும். அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் எழுத்தை ஏஐ செய்து தந்துவிடுகிறது.

மெட்டா அனாலிசிஸை எம்பிரிக்கல் என்று எடுப்பதா இல்லையா என்பதைக் குழு எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். காதல் பொறாமையில் 2012-இல் மட்டும் சகரின் குழுவினருடையது, கார்ப்பென்டருடையது என்று இரண்டு வந்தன. ஒரு பிரிவில் இதற்கு முழு மதிப்பெண்ணும் அடுத்த பிரிவில் பூஜ்யமும் கிடைப்பதற்குக் காரணம் ஆசிரியர்கள் அல்ல, விதி இல்லாததுதான்.

பத்தாண்டு, எட்டுப் பக்கம், யுஜிசி-கேர் ஆகிய மூன்று நிபந்தனைகளையும் இந்தத் தாளிலிருந்து மட்டுமல்லாமல் இறுதியாண்டு புராஜெக்ட் வழிகாட்டிக் குறிப்பிலிருந்தும் நீக்குங்கள். அதிலும் அவை அப்படியே நகலெடுக்கப்பட்டிருக்கின்றன.

குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எங்களில் இருவரை அழைத்து, மேலே சொன்ன நான்கு கட்டுரைகளையும் உங்கள் முன்னிலையில் அந்தப் படிவத்தில் நிரப்பிக் காட்ட வாய்ப்புத் தாருங்கள். முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் வேண்டும், இரண்டாவது அகமதிப்பீட்டுத் தேர்வு அட்டவணை வெளியாகும் முன்பாக.

இப்படிக்கு,
ஆய்வுமுறையியல் தாள் ஆசிரியர்களும் நூலகப் பணியாளர்களும்